பூச்சியம் உள்ள ஊர்கள்

பத்தொன்பது வருடமாய் இந்த ஊர்களை
எனக்கு விரல்களால் தெரியும்.
எந்திரம் வாசிக்க மாட்டேன் என்று துப்பிய கடிதங்கள்
இரவு பதினொன்றுக்கு மேல் என் மேசைக்கு வரும்.
எல் ஒன்று ஏ, போர்ட் ஹோப்.
கே ஒன்பது ஏ, கோபர்க்.
இரண்டாம் இடத்தில் பூச்சியம் நின்றால் நாட்டுப்புறம்.
இந்த நாடு தன் சின்ன ஊர்களை
அப்படித்தான் எண்ணி வைத்திருக்கிறது.

சனிக்கிழமை முதல் தடவையாக
அந்தக் கட்டங்களுக்குள் காரோடு போனோம்.
நோர்தம்பர்லாந்து.
இங்கிலாந்தில் யாரோ பாவித்த பெயர்,
ஒன்டாரியோவுக்கு அப்படியே கைமாறி வந்திருக்கிறது,
எங்கள் முதல் காரைப் போல.

குகதாசன் மடியில் ஓர் அட்டவணை.
ஊர், விலை, ரயில் நிற்குமா,
ஆஸ்பத்திரிக்கு எத்தனை நிமிடம்.
கடைசிப் பத்தியில் அழகு, பத்துக்கு எத்தனை என்று.
அதை மட்டும் என்னிடம் விட்டிருந்தார்.

போர்ட் ஹோப்பில் ஆற்றுக்குள்
இடுப்பளவு தண்ணீரில் ஆண்கள் நின்றார்கள்.
மேலே அணைக்கட்டருகே
சால்மன் மீன்கள் ஏறி, விழுந்து,
வெட்கமில்லாமல் மறுபடி ஏறின.
"ஒன்பது போடு" என்றார்.
வீடு காட்டிய மார்லீன், நேர்மையான பெண்,
மண் பரிசோதனைக் கடிதத்தை எடுத்து நீட்டினாள்:
பழைய ரேடியக் கழிவு இந்த வளவில் இல்லை,
பக்கத்து வளவில் இருந்ததைத் தோண்டி எடுத்தாயிற்று.
ஒன்பதை ஏழாக்கச் சொன்னார்.
மீன்களுக்கு யாரும் கடிதம் காட்டியிருக்கவில்லை.

கோபர்க் மிக அழகு. அதுதான் பிரச்சினை.
மணிக்கூண்டு, வெள்ளை மணல், வெளிச்சவீடு,
கழுவித் துடைத்து வைத்த படகுகள்.
பார்க்கப் போன வீட்டில்
எங்களுக்காக யாரோ கறுவாப்பட்டை கொதிக்கவைத்திருந்தார்கள்.
வாசலில் ஒரு மனிதர் நாயோடு நின்று
"இன்றைக்கு மட்டும் வந்தீர்களா?" என்று கேட்டார்.
கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை,
நாய்கூட வாலை ஆட்டியது.
குகதாசன் சிரித்துக்கொண்டே ஆமென்றார்.
ஏன் ஆமென்றார் என்று நான் கேட்கவில்லை.

திரும்பும் வழியில்லை, இன்னும் கிழக்கே.
நெடுஞ்சாலைக் கரையில் வீடளவு ஆப்பிள் ஒன்று
சிவப்பாய் நின்று கூப்பிட்டதால் கொல்போர்னில் இறங்கினோம்.
தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஒடுங்கிய வீடு.
சரக்கு ரயில் போக
சமையலறைக் கண்ணாடி நூற்றிப் பதினாறு பெட்டிகளையும் எண்ணியது.
அவர் பேனாவை மூடிவிட்டார்.

நான் தபாலகத்தைப் பார்க்கப் போனேன்.
கவுண்டர் பூட்டு; முன்னறை திறந்திருந்தது.
வீட்டுக்கு வீடு கொண்டுபோய்க் கொடுக்கிற வழக்கமில்லை அங்கே,
எல்லாரும் வந்து தங்கள் பெட்டியைத் திறக்கவேண்டும்.
சாவியோடு நின்றவள் என்னை மேலும் கீழும் பார்த்து
"குடிவரப் போறியா?" என்றாள்.
"பெட்டி கிடைக்கிறது கஷ்டம்.
இருநூற்றிப் பதினாலு வேண்டுமென்றால் கேட்டுப்பார்.
ஹார்வி ஸ்னெல்குரோவ் போன கிழமை போய்விட்டான்."

ஹார்வி ஸ்னெல்குரோவ்.
பெட்டி இருநூற்றிப் பதினாலு. கே பூச்சியம் கே.
நீல மை, நடுங்கும் எழுத்து,
எழுத்துக்கு எழுத்து குளிரில் நின்றதுபோல்.
எந்த எந்திரமும் ஒருநாளும் வாசித்ததில்லை அதை.
மாதத்தில் இரண்டு. நான் வாசிப்பேன்.
அனுப்புகிறவள் சகோதரியோ, யாரோ,
பெயரின் கீழே எப்போதும் ஒரு கோடு இழுப்பாள்.

அந்தச் சின்ன இரும்புக் கதவைத் தொட்டேன்.
குளிர்ந்திருந்தது. அவ்வளவுதான்.

"இதுக்கு எத்தனை?" என்று காரில் கேட்டார்.
யோசிக்கிறேன் என்றேன்.
அஜாக்ஸ் வரைக்கும் யோசித்தேன்.

செவ்வாய் இரவு, ஒன்றே முக்காலுக்கு,
துப்பிய கட்டுக்குள் நீல மை.
அவளுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.
திருப்பி அனுப்புவது என் வேலையல்ல,
அது அந்த ஊர் செய்யவேண்டியது.
கட்டத்தில் வைத்தேன், பெயர் வெளியே தெரிய.

அட்டவணை குளிர்சாதனப் பெட்டியில்
காந்தத்தோடு தொங்குகிறது.
போர்ட் ஹோப் ஏழு. கோபர்க் பத்து.
மூன்றாவது கட்டத்தில் அவர் பென்சிலால்
ஒரு பூச்சியம் போட்டிருக்கிறார்.
நான் அதை அழிக்கவில்லை.